உப்புக் காற்றும் சிறு மோட்டார் சைக்கிளும்

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருவீதியில், கிழக்கு வெளுக்கும் வேளையில் சிறிது நின்று பார்ப்போமாயின், மேற்குப் புறத்துக் கிளை வீதிகளிலிருந்து சிறு சிறு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஏறுவதைக் காணலாம். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு பெரிய பெட்டி. பலகையால் அடித்து உள்ளே தகடு பதித்த பெட்டியும் உண்டு. வெள்ளை ரெஜிபோம் பெட்டியை ரப்பர்ப் பட்டியால் வரிந்து கட்டியதும் உண்டு. பெட்டியின் ஓரத்தில் தராசு தொங்கும். மூலையிலிருந்து ஐஸ் நீர் சொட்டிச் சொட்டி, வண்டி சென்ற வழியைத் தார்மீது கோடாக எழுதிக்கொண்டே போகும். கரைவலையில் பட்ட சூடையும் சாளையும் நெத்தலியும் உள்நாட்டுச் சிற்றூர்களின் அடுப்பங்கரைகளை வெயில் ஏறுமுன் சென்றடைய வேண்டும். பத்து மணிக்குப் பின் அதே மீனுக்குப் பாதி விலைகூடக் கிடைப்பது அரிது. நண்பகலுக்குப் பின் அது கருவாட்டுக்கே உரியது.

இவ்வண்டிகளை நன்றாக உற்றுப் பார்த்தவர்க்கு மற்றொன்றும் புலனாகும். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் இருப்பது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. பின் வில் மாறியிருக்கும், பற்சில்லு மாறியிருக்கும், கைபிடி உயர்ந்திருக்கும், சுமை தாங்கும் இரும்புச் சட்டம் புதிதாக ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிலும் இந்தியாவிலும் இவ்வண்டிகளை வரைந்த பொறியியலாளர், தார் வீதியையும் இருவர் இருந்து செல்வதையும் மனத்தில் வைத்தே வரைந்தனர். உப்புக் காற்றையும் மணலையும் அறுபது கிலோ மீனையும் அவர்கள் கணக்கில் எடுத்திலர். அந்தக் குறையைப் புத்தளக் கரையோரத்து மக்கள் தம் கையால் எங்ஙனம் நிரப்பிக்கொள்கின்றனர் என்பதைப் பார்த்து வரவே, ஆடி மாதத்து ஒரு வார இறுதியில், 100 கன சென்ரிமீற்றர் வண்டியொன்றில் நாம் புறப்பட்டோம்.

சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வடக்கே திரும்பினோம். தென்மேற்குப் பருவக் காற்று இடத் தோளின் பின்னிருந்து தள்ள, வண்டி தன் வலிமைக்கு மேலாகவே ஓடிற்று. காற்றின் தயவால் வரும் வேகத்தைத் தம் திறமையால் வந்ததாக எண்ணாத ஓட்டுநர் உலகில் மிகச் சிலரே. திரும்பி வரும்போதுதான் காற்று தன் கடனை வட்டியுடன் கேட்கும்.

பத்துளு ஓயாவில் பெருவீதியை விட்டு இடப்புறம் திரும்பினால் உடப்பு. கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டில் அமைந்த தமிழ்ப் பேரூர் அது. இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. திரௌபதை அம்மன் ஆலயத்து ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும் நாடறிந்தவை. நாம் சென்ற அன்று ஊர் முழுவதும் திருவிழாக் களையோடு இருந்தது. ஆயினும் கடலுக்கு விடுமுறை இல்லை. கரையிலே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு நாற்பது ஐம்பது பேர் அம்பாப் பாடல் பாடி இழுத்த கரைவலையை, பின்னாளில் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பொருத்திய உருளையொன்று சுற்றி இழுக்கத் தொடங்கிற்று. இயந்திரத்தை ஆக்கியவன் நினையாத வேலையை அதனிடம் வாங்குவது இக்கரையின் பழைய பழக்கம் போலும்.

வீதி முடிந்து மணல் தொடங்கும் இடத்திலே மீன் வாங்க வந்தோரின் வண்டிகள் நின்றன. ஒருவர் தம் வண்டியின் பின் டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணன், காற்றுப் போகிறதே?" என்றோம். "போகத்தான் விடுறன் ஐயா. இறுக்கமாய் இருந்தால் மணலைத் தோண்டும், தளர்ந்திருந்தால் மணலின் மேல் நடக்கும்" என்றார். ஒட்டகத்தின் அடி பரந்திருப்பதும் ஆட்டின் குளம்பு கூர்ந்திருப்பதும் போன்றதே இது. 28 இறாத்தல் காற்றுள்ள டயர் நிலத்தை ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே தொடும். 15 இறாத்தலுக்கு இறக்கினால் தொடும் இடம் நீண்டு, பாரம் பரவும். காசு செலவில்லாத மாற்றங்களுள் இதற்கு நிகரானது வேறில்லை. ஆனால் மேலும் இறக்கினால் சில்லு சுழலும்போது டயர் அதனுடன் சுழலாமல் வழுக்கும். உள்ளே இருக்கும் டியூபின் வால்வு கழுத்தோடு அறுந்துவிடும். தார் வீதிக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்காவிட்டால் வளைவிலே வண்டி குழையும். ஆகவே அவர் ஆசனத்தின் கீழே ஒரு கைப்பம்பும் கட்டியிருந்தார்.

அதே இடத்தில் நின்ற பழைய ஹொண்டா வண்டிகள் இரண்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர்க்கு எம்டி 90 என்ற பெயர் ஓர் உறவினர் பெயரைப் போன்றது. ஜப்பானியத் தபால்காரர்களுக்கென ஆக்கப்பட்டு, அங்கே உழைத்து ஓய்ந்தபின் இங்கே கப்பலேறி வந்த வண்டி அது. அதன் மூதாதை 1958ஆம் ஆண்டில் வெளிவந்த சூப்பர் கப். சொய்சிரோ ஹொண்டா வரைந்ததும், அவருடைய கூட்டாளி தக்கியோ புஜிசாவா விற்கத் திட்டமிட்டதுமான அவ்வண்டியில், இடக் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் வண்டியைச் செலுத்த வேண்டும் என்பதே அதற்குக் காரணமாம். 2017ஆம் ஆண்டில் அவ்வின வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டியது. தபால்காரருக்கு ஆக்கியபோது, சில்லை 17 அங்குலத்திலிருந்து 14 அங்குலமாகக் குறைத்தார்கள். முன்னும் பின்னும் சுமைச் சட்டம் வைத்தார்கள். முன்புறத்தில் குழாய் வடிவான வலிய அதிர்வுதாங்கியைப் பொருத்தினார்கள். அஃதாவது, எம்டி 90 பிறக்கும்போதே மாற்றியமைக்கப்பட்ட வண்டி. உடப்பு மணலில் அது நின்று பிடிப்பதில் வியப்பில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை ஒன்று நடந்தது. 1960ஆம் ஆண்டளவில் அங்கே ஹொண்டா நிறுவனத்தார் தம் சிறு வண்டியை நகரத்தார்க்கு விற்க முயன்றுகொண்டிருந்தனர். ஐடஹோ மாநிலத்துப் பொய்ஸி என்ற சிறு நகரில் ஹேர்ப் ஊல் என்ற விற்பனையாளர் மட்டும், லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்து விற்பனையாளர் எல்லோரையும் மிஞ்சி விற்றார். விசாரித்தபோதுதான், அவர் பின்புறத்துப் பற்சில்லைப் பெரிதாக்கி, முடிச்சுகள் உள்ள டயரைப் பூட்டி, மலை வழிகளில் ஏறும் வண்டியாக அதை மாற்றி விற்று வந்தது தெரிய வந்தது. நிறுவனம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1961ஆம் ஆண்டு முதல் தானே அவ்வகை வண்டியை வெளியிட்டது. பாவிப்பவன் செய்த மாற்றம் ஆக்குபவனுக்குப் பாடமாயிற்று.

பற்சில்லைப் பெரிதாக்குவதால் என்ன நேர்கிறது? மாணவர் இதனை ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். என்ஜினிலிருந்து வரும் முன் பற்சில்லில் 14 பற்களும், பின் சில்லில் 42 பற்களும் இருந்தால், முன்னது மூன்று முறை சுற்றப் பின்னது ஒரு முறை சுற்றும். பின்னதை 45 பல்லாக்கினால் மூன்றுக்குப் பதில் 3.21 சுற்று. இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். அதே அளவுக்கு உச்ச வேகம் குறையும். என்ஜினின் வலு ஓர் அணுவும் கூடுவதில்லை; உள்ளதை வேறு விதமாகச் செலவிடுகிறோம், அவ்வளவே. பின்னதைத் தொடாமல் முன்னதில் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினாலும் ஏறக்குறைய இதே பயன்தான், செலவும் குறைவு. ஆனால் சிறிய பற்சில்லைச் சுற்றும்போது செயின் கூடுதலாக மடங்கி விரைவில் தேயும். மணற்கரையில் செயினின் ஆயுள் ஏற்கெனவே குறுகியது. ஆதலால் கையில் காசுள்ளவர் பின்னதை மாற்றுவதே நன்று என்பது எம் கருத்து.

முந்தலையும் மதுரங்குளியையும் கடந்து பாலாவிச் சந்தியை அடைந்தபோது வெயில் கடுத்திருந்தது. புத்தளத்துக்குச் செல்வோர் நேரே செல்லக் கற்பிட்டிக்குச் செல்வோர் இடப்புறம் திரும்பும் இடம் இது. அண்மையிலே உப்பளங்கள் கண்ணைப் பறிக்கின்றன. சந்திக்குச் சற்று அப்பால், தென்னோலைக் கூரையிட்ட ஒரு கராச். அதை நடத்துபவர் ஐம்பது கடந்த முஸ்லிம் பெரியவர். ஊரார் எல்லோருக்கும் அவர் 'நானா'. நாமும் அவ்வாறே அழைத்தோம். எம் வண்டியின் செயினைப் பார்த்து, "இந்த மூடியைக் கழற்றிப் போடாமல் வைத்திருக்கிறீங்களே, அது புண்ணியம்" என்றார். செயினை முழுவதும் மூடும் தகட்டுக் கூடு பழைய வண்டிகளுக்கு அழகில்லாத ஒரு சட்டை போலத் தோன்றும். இளைஞர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் செயின் வெளியே தெரிய ஓட்டுவதில் பெருமை கொள்வர். உப்பும் மணலும் எண்ணெயோடு சேர்ந்தால் அரம் போன்றது. மூடியில்லாத செயினை அது சில மாதங்களில் தின்றுவிடும்.

நாம் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் உடப்புப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கையில் காயத்துக்குக் கட்டு. முந்திய வாரம், இருள் பிரியாத நேரத்தில், வீதியின் நடுவே நின்ற கழுதைக்கு விலகப் போய், முன் சில்லு ஆடி விழுந்தாராம். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் புதியவர்களுக்கு இது விந்தையாக இருக்கலாம்; இங்கே கட்டாக்காலிக் கழுதைகள் மாடுகளைப் போலவே வீதியில் உறங்கும். ஹோர்ன் அடித்தால் அவை அசைவதில்லை. நாம்தான் அசைய வேண்டும்.

"முன் சில்லு கையிலே நிற்குதில்லை நானா. பெட்டி ஏற்றினால் பாம்பு போல நெளியுது. முள்ளுக்கு உள்ளே இருக்கிற குண்டெல்லாம் புதிதாய்ப் போட்டும் அப்படியே" என்றார் வியாபாரி.

நானா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். கைபிடியைத் தொடவே இல்லை. பின்புறத்துச் சட்டத்தையே பார்த்தார். "நோவு காலிலே தம்பி, நீ தலைக்கு மருந்து கட்டுகிறாய்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் தராசுக் கணக்குத்தான். வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர். அறுபது கிலோப் பெட்டியின் நடு, பின் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னே இருந்தால், பின் அச்சு ஒரு கவராகி முன் சில்லைத் தூக்குகிறது. 60ஐ 20ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 10. முன் சில்லின் மீதிருந்து பத்துக் கிலோ பாரம் போய்விடுகிறது. பின் சில்லின்மேல் அறுபதுக்குப் பதில் எழுபது ஏறுகிறது. முன் சில்லே வழிகாட்டுவது; பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு நிறுத்துவதும் அதுவே. பாரம் குறைந்த முன் சில்லு, கால் ஊன்றாதவன் ஆட்டும் கையைப் போன்றது. இதனோடு பின் வில்லும் அமிழ்ந்துவிடவே, வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. முன் கவையின் சாய்வு கூடிவிடுகிறது. வெளிச்சம் வீதியில் விழாமல் தென்னை மரத்தில் விழுகிறது. கழுதை தெரியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நானா சட்டத்தை அறுத்தார். ஒரு சாண் முன்னே தள்ளி, நான்கு விரற்கடை தாழ்த்தி, மறுபடி ஒட்டினார். அதிலிருந்து பின் வில்லின் மேற்பிடிக்கு இருபுறமும் ஒரு கம்பி தாங்கு கொடுத்தார். பின் வில்லுக்கு, நொறுங்கிப்போன பெரிய வண்டியொன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த தடித்த வில். முன் கவைக்குள் சிறிது கெட்டியான ஒயில். கராச்சில் இருந்த இளைஞன் ஒருவன் முன் பிரேக்கின் பறையைத் திறந்து, உள்ளே களிம்பாய் இருந்த மணலையும் உப்பையும் கழுவினான். வேலை முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

வியாபாரி ஏறியிருந்து பார்த்தார். முகம் சுளித்தது. "முதுகிலே பெட்டி முட்டுது. எனக்கு இருக்க இடம் எங்கே?"

"மீனுக்கு இடம் வேணுமா, உனக்கு இடம் வேணுமா என்று போன கிழமை கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?" என்றார் நானா.

வியாபாரி மணல் நிரப்பிய சாக்கைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு உப்பளம் வரை ஒரு முறை ஓட்டி வந்தார். இறங்கியபின் கூலியைப் பற்றிப் பேரம் பேசினாரேயன்றி, இடத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

இன்னொரு வாடிக்கையாளரும் அன்று வந்தார்: உயர்தரம் படிக்கும் பையன். தந்தையின் வண்டி, புகைக்குழாயின் உட்பகுதியை எடுத்துவிட வேண்டும், காற்றுச் சல்லடையையும் கழற்றிவிட வேண்டும் என்றான். ஓசை பெருத்தால் வேகமும் பெருக்கும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. நானா மறுத்தார். புகைக்குழாய் வெறும் ஓட்டையன்று. உள்ளிருந்து வெளியேறும் அழுத்த அலைகளுக்கு ஏற்ப அதன் நீளமும் அறைகளும் அமைந்திருக்கின்றன. அதைக் குடைந்தால் தாழ்ந்த சுழற்சியில் இழுவை போய்விடும். மணலில் வேண்டுவதோ அதுவே. காற்றுச் சல்லடை இன்றி இக்கரையில் ஓடினால் நுண்மணல் உள்ளே சென்று பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் உரைத்துவிடும். பின்பு புகை வரும், எண்ணெய் குடிக்கும், வேகம் போகும். அதோடு பொலிஸார் பிடித்தால் தண்டமும் உண்டு. இவற்றையெல்லாம் நானா விரித்துரைக்கவில்லை. "வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, கழற்றித் தாறன்" என்றார். பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலேதான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பழைய வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவை இத்தகைய ஓலைக் கூரைகளே. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, எல்லோரும் பெற்றோலைக் குறைக்கச் சொல்லி வந்தார்களாம். காபரேற்றரின் ஊசித் துளையைச் சிறிதாக்கினால் செலவு குறைவது உண்மையே. ஆனால் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை என்ஜினைச் சுடவைக்கும். மீன் பெட்டியோடு எதிர்க்காற்றில் அப்படி ஓடியவர்கள் பிஸ்டனில் ஓட்டை விழுந்து திரும்பி வந்தார்கள்.

எரிபொருள் என்றதும் யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க இயலாது. 1990ஆம் ஆண்டுகளின் யுத்த காலத்தில், பெற்றோல் அங்கே பொன்னாய் இருந்தபோது, மக்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆதலால் சிறு குப்பியிலிருந்தோ ஊசியாலோ சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். என்ஜின் சூடேறியபின் மண்ணெண்ணெய் தானே எரியும். புகை, கரி, தட்டும் ஓசை எல்லாம் உண்டு. ஆயினும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அவ்வண்டியே. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பல்லாயிரவர் வந்து தங்கியதும் இப்புத்தளத்திலேதான். வண்டிகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு புறம் புத்தளக் களப்பு, மறுபுறம் கடல். இடையில் மணற்பாங்கான தீபகற்பம். மணல்தானே என்று இகழ்தற்கில்லை. கிணற்று நீரை இறைத்து இறைத்து மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள். நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தொலைவிலிருந்தே தெரிகிறது. அதன் முதற் பகுதி 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அப்பால் மாம்புரியில் காற்றாலைகள். 2010ஆம் ஆண்டிலிருந்து இங்கே காற்று மின்சாரமாகிறது. காற்றாலை நட்ட இடத்தில் சிறு வண்டி ஓட்டுபவனின் பாடு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு 30 கிலோமீற்றர் காற்று எதிரே வந்தால், வண்டி உணர்வது 80 கிலோமீற்றர்க் காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால், அது இரண்டரை மடங்குக்கு மேலாகிறது. எட்டுக் குதிரைவலு உள்ள வண்டி அங்கே தன் நான்காம் கியரை மறந்துவிட வேண்டியதுதான். பக்கக் காற்று இன்னும் பொல்லாதது. உயர்ந்த பெட்டி அதற்குப் பாய்மரமாகிறது. தென்னந்தோப்பின் மறைவில் அமைதியாகச் சென்று, தோப்பு முடியும் இடத்தில் திடீரென ஒரு தள்ளு வாங்குகிறோம். இவ்வழியில் பழகியவர்கள் பெட்டியை உயரத்தில் கட்டாமல் அகலத்தில் கட்டுவதையும், கைபிடியை இறுகப் பிடியாமல் முழங்காலால் தாங்கியை அணைத்துக்கொள்வதையும் கண்டோம். பிந்தியது வண்டியில் செய்யும் மாற்றமன்று, ஓட்டுபவனிடம் செய்யும் மாற்றம்.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஆகஸ்ட் பெருவிழாவுக்கு ஆயத்தங்கள் தொடங்கியிருந்தன. சாதி சமய வேறுபாடின்றி மக்கள் கூடும் இடம் அது. கடற்கரை மர நிழலில் குடில் அடித்துக் குடும்பத்தோடு தங்குவர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை களப்பின் வாயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இப்போது கடற்படையார் வசம் இருக்கிறது. கரைக்கு வந்தால், பட்டம் கட்டி அலையின்மேல் சறுக்கும் வெளிநாட்டார். அவர்களும் காற்றைத் தேடி வந்தவர்களே. அவர்களுடைய பலகைகளை இருபுறமும் மாட்டிச் செல்ல, உள்ளூர் இளைஞரொருவர் தம் வண்டியின் பக்கத்தில் வளைந்த இரும்பு ஏந்திகளை ஒட்டியிருந்தார். மீன் பெட்டிச் சட்டத்தின் தம்பி போல இருந்தது அது.

1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்ற மொரொக்கோ தேசத்து யாத்திரிகர் இக்கரையில்தான் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் சுமப்போரும் கொடுத்தனுப்பினார் என்பது அவர் எழுதிய வரலாறு. பாரம் எவ்விடத்தில் இருக்க வேண்டும் என்பதை, அந்தச் சுமப்போர் நானாவுக்கு முன்பே அறிந்திருப்பர்.

மறுநாட் காலையில் புத்தளத்திலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளத்துக்குச் சென்றோம். காடு நெருங்கிய வழி. மனித நடமாட்டம் குறைவு. கலா ஓயாவின் குறுக்கே உள்ள சப்பாத்துப் பாலம் மாரியில் முழுகிவிடும். வெள்ளம் வடியும்வரை இருபுறத்தாரும் இருபுறமே. அதற்கு அப்பால் வில்பத்து. தேசிய வனத்துள் மோட்டார் சைக்கிள் செல்ல அனுமதியில்லை. யானையும் கரடியும் உள்ள இடத்தில் அந்த விதி எமக்கு மிகவும் நியாயமாகவே பட்டது.

பாலத்தின்மேல் அன்று கணுக்காலளவு நீர்தான் ஓடியது. எமக்கு முன்னே விறகு ஏற்றிய வண்டியொன்று இறங்கிற்று. அதை ஓட்டிய பெரியவர், தீப்பொறி வில்லையின் மூடியைச் சுற்றிக் கிறீஸ் அப்பியிருந்தார். காபரேற்றரிலிருந்து கீழே தொங்க வேண்டிய மெல்லிய குழாய்களை மேலே வளைத்து ஆசனத்தின் அடியில் கட்டியிருந்தார். பாசி படர்ந்த கொங்கிறீற்றில் அவசரமின்றி, முதலாம் கியரில், ஒரே சீராகச் சென்று அக்கரை ஏறினார். ஏறியதும் நிற்கவில்லை, பிரேக்கைச் சிறிதே அழுத்தியபடி ஐம்பது யார் தூரம் ஓட்டினார். பறைக்குள் புகுந்த நீர் அந்தச் சூட்டில் உலர்ந்துவிடும். நாமும் அவ்வாறே செய்தோம். முதலில் பிரேக் பிடிக்கவே இல்லை. பின்பு சிறிது முனகிற்று. நாற்பது யாரளவில் பிடித்தது. பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, விறகோடு காட்டு வளைவில் மறைந்தார்.